பெருமிதம் யாருடையது?

ஆண்டுக்கு ஒரு நாள் நம் நாட்டிலே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்கள் ஒரே கவலையோடு கண்விழிக்கின்றன. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நடைபெறும் நாள் அது. கண்டி நகரத்து வணிகர் இல்லமாயினும், அக்குறணையிலுள்ள முஸ்லிம் அன்பர் இல்லமாயினும், கலஹா மலைச்சரிவிலுள்ள லயத்துக் காம்பராவாயினும், அன்று விடியுமுன்பே அடுப்பு எரிகின்றது. அவரவர் முறைப்படி வழிபாடு நிகழ்கின்றது. பத்து வயதுப் பிள்ளை பேனாவையும் பென்சிலையும் இறுகப் பற்றிக்கொண்டு பரீட்சை மண்டபத்துள் நுழைகின்றது. வாயிலுக்கு வெளியே, மரநிழலிலும் மதிலோரத்திலும், முடியும்வரை காத்துநிற்கும் தாய்மாரின் முகங்களைக் காண்பவர்க்கு, பரீட்சை எழுதுவோர் உள்ளே இருக்கின்றனரா, வெளியே நிற்கின்றனரா என்னும் ஐயம் எழும்.

அண்மைய ஆண்டுகளின் கணக்கை நோக்குவோம். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத, வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஏறக்குறைய ஐம்பதினாயிரவர். ஆறு பிள்ளைகள் எழுதினால் ஒரு பிள்ளை தாண்டுகின்றது. ஐந்து பிள்ளைகள் தாண்டுவதில்லை. வெட்டுப்புள்ளி என்பதன் இயல்பே இது. எல்லாப் பிள்ளைகளும் இராப்பகலாகக் கற்று இருபது புள்ளி கூடுதலாகப் பெற்றாலும், வெட்டுப்புள்ளியும் உடனுயர்ந்து நிற்கும். ஆறில் ஒன்று என்னும் கணக்கு பெரிதும் மாறாது. ஆகவே, பெற்றோர் எத்துணை முயன்றாலும், ஆசிரியர் எத்துணை உழைத்தாலும், ஐந்து பிள்ளைகள் வெறுங்கையோடு வீடு திரும்புதல் உறுதி. அவர்கள் எத்தகைய வீட்டுக்குத் திரும்புகின்றனர் என்பதே இவ்வாரம் நாம் எண்ணிப் பார்க்க விழையும் பொருள்.

பரீட்சையைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதன் வேர் ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறக்கும் நல்லெண்ணத்தில் ஊன்றியது. நம் நாட்டின் முதற் கல்வியமைச்சராக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, அம்பலாங்கொடையிலே கற்ற சிறுவராக இருந்து, புலமைப்பரிசில் பெற்றே காலி ரிச்மண்ட் கல்லூரியை அடைந்தவர். அவர் தலைமையில் அமைந்த கல்விக் குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 அக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. திறமையுள்ள பிள்ளை வறுமையாலே பின்தங்கலாகாது என்பதே அந்த இயக்கத்தின் உயிர். இன்றும் இப்பரீட்சை வருமானங் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணத்தையும், திறமை காட்டிய பிள்ளைக்கு வசதி மிக்க பாடசாலையில் ஆறாந் தரத்து இடத்தையும் வழங்குகின்றது. இதனால் உயர்ந்தவர் பலர் நம்மிடையே உளர்.

ஆயினும், கதவாக அமைத்தது காலப்போக்கிற் கழுமரம்போல் ஆயிற்று. மூன்றாந் தரத்திலேயே பிரத்தியேக வகுப்புத் தொடங்குகின்றது. பாடசாலை முடிந்து ஒரு வகுப்பு, இரவிலே கடந்தகால வினாத்தாள், சனி ஞாயிறுகளில் கண்டி நகரத்துக்கு வந்து இன்னும் இரண்டு வகுப்பு. மாலை ஐந்து மணிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பேருந்திலே தாயின் தோளிற் சாய்ந்து உறங்கிச் செல்லும் சிறுவரைக் காணாதார் யார்? பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் பிரத்தியேக வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்தலாகாது எனப் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை விதிக்கவேண்டியிருக்கின்றது. பத்து வயதுப் பிள்ளை பரீட்சைக்கு முன் சற்றே இளைப்பாறுவதற்கும் அரசின் ஆணை வேண்டியதாயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

2024 ஆம் ஆண்டு நிகழ்ந்ததையும் இவ்விடத்து நினைவுகூரல் தகும். அவ்வாண்டு செப்டெம்பர் 15 ஆம் நாள் பரீட்சை நடந்தது. மூன்று வினாக்கள் முன்னரே வெளியாயின என்ற செய்தி பரவியது. மீண்டும் பரீட்சை நடத்துவதா, வேண்டாவா என்று பெரியோர் வழக்காடினர். டிசம்பர் இறுதியில் உயர் நீதிமன்றம், அம்மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குமாறு தீர்ப்பளித்தது. பெறுபேறு 2025 ஜனவரியில் வெளியாயிற்று. தவறு செய்தவர் பெரியோர். நான்கு திங்களுக்கு மேலாக, நெஞ்சம் நடுங்கிக் காத்திருந்தவர் சிறுவர். நீதிமன்றம் புள்ளிக்குத் தீர்வு கண்டது. அந்நான்கு திங்களும் அவ்வீடுகளிலே பேசப்பட்ட பேச்சுக்கும் பேசப்படாத பேச்சுக்கும் தீர்வு காண எந்த மன்றமும் இல்லை.

பெற்றோரை மட்டும் குறைகூறிக் கடந்துவிடுவோமாயின், அவர்தம் நெஞ்சை அறியாதவராவோம். அவர்களை உந்துவது பெரும்பாலும் ஆசையன்று, அச்சமே. மலையகத்தை எண்ணிப் பாருங்கள். கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திலே 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு அம்மலைகளைப் பசுமையாக்கிய மக்கள், 1948 ஆம் ஆண்டின் சட்டத்தாலே குடியுரிமை இழந்தனர். எஞ்சியிருந்தோர்க்கும் அது கிட்ட 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியதாயிற்று. நாடெங்கும் இலவசக் கல்வி பரவிய பின்பும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். இத்தகைய வரலாற்றை முதுகிற் சுமந்த ஒரு தந்தை, லயத்தை விட்டு வெளியேறும் வழி படிப்பொன்றே என நம்புவதில் வியப்பென்ன? கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்திய தழும்போடு ஒரு தாய், தன் மகளின் தலையில் அத்தழும்பு விழலாகாது என்று துடிப்பதிலே குற்றமென்ன? நகரத்துப் பெற்றோரின் அச்சமும் இதற்கு உறவுடையதே. வேலையின் நிலையாமையும் விலைவாசியும் அவர்களையும் அலைக்கின்றன. அந்த அச்சம் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால், அதனைத் தாங்கவேண்டிய தோள் எது என்பதே வினா.

தமிழிலே உணர்ச்சிகளை வகுத்து ஆராய்ந்த முதல் ஆசான் தொல்காப்பியர். பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில், உள்ளத்து உணர்ச்சி உடலிலே வெளிப்படும் வகையை எட்டாகப் பகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றுக்கும் பிறப்பிடம் நந்நான்கு கூறினார். இளம்பூரணரும் பேராசிரியரும் அதற்கு உரை கண்டனர். நம் மாணாக்கர் இதனைப் பரீட்சைக்காக நெட்டுருச் செய்கின்றனர். கவிதைக்கு உரிய இலக்கணமென ஒதுக்கிவிடுகின்றனர். அஃது ஒரு வீட்டின் உள்ளே விளக்கேற்றிக் காட்டவும் வல்லது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

பெருமிதம் பிறக்கும் இடங்களுள் தொல்காப்பியர் முதலில் வைத்தது கல்வி. நன்கு கற்ற ஒருவன் தன்னைத்தான் மதித்து நிமிர்ந்து நிற்றல் இயல்பு, நல்லதும்கூட. அப்பெருமிதம் கற்றவனுக்கு உரியது என்பதை உற்று நோக்குதல் வேண்டும். ஒரு சிறுமி கடினமான கணக்கொன்றைத் தானே அவிழ்த்துவிட்டுத் தலைநிமிர்ந்து பார்க்கின்றாளே, அப்பார்வையில் இருப்பது அவளுடைய பெருமிதம். அதனைக் கண்டு தாய் மகிழலாம். அது தாயின் உவகை. ஆனால், அயலார் முன்னும் உறவினர் முன்னும் தாம் நிமிர்ந்து நிற்பதற்காகப் பிள்ளையின் புள்ளியைப் பெற்றோர் எடுத்துக்கொள்ளுகையில், பெருமிதம் இடம் மாறிவிடுகின்றது. பெற்றோருக்குப் பெருமிதம் தரவேண்டிய கடன் பிள்ளையின் தலையில் ஏறுகின்றது. அக்கடனை அடைக்க இயலாத பிள்ளைக்கு எஞ்சுவன இரண்டு: அழுகையும் அச்சமும்.

அழுகைக்குத் தொல்காப்பியர் கூறிய பிறப்பிடங்கள் நான்கு: பிறரால் இகழப்படுதல், உடையதை இழத்தல், முன்னைய நிலையினின்று தளர்தல், வறுமை. இகழ்ச்சியையும் இழப்பையும் அவர் வேறு வேறாக வைத்தது ஆழ்ந்த நுட்பம். பரீட்சையிலே புள்ளி குறைந்த பிள்ளை முதலில் அழுவது இழப்பினால். அவ்வழுகை இயற்கையானது, இரண்டொரு நாளில் ஆறும், மறுநாள் மாலையே பந்தைத் தேடிப் போகும். ஆனால், அதே பிள்ளையிடம், “அடுத்த லயத்துப் பொடியன் நூற்றைம்பது எடுத்திருக்கான், நீ என்ன செஞ்சே?” என்று கேட்டுவிட்டால், இழப்பின் அழுகை இகழ்ச்சியின் அழுகையாக மாறுகின்றது. வகுப்புக்கும் நூலுக்கும் செலவான பணத்தை எண்ணிக் காட்டினால் அது மேலும் ஆழமாகின்றது. ஒன்றும் பேசாது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தந்தையின் மௌனம் இவை எல்லாவற்றிலும் கொடியது. இழப்பின் அழுகையை உலகம் தருகின்றது. அதனை நாம் தடுக்கவியலாது. இகழ்ச்சியின் அழுகையை வீடு தருகின்றது. அதனை முற்றாகத் தடுக்க நம்மால் இயலும். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே.

அச்சத்துக்கு உரிய நான்கனுள் இறுதியாகத் தொல்காப்பியர் கூறியது, தமக்கு இறையாக நிற்பாரிடத்துத் தோன்றும் அச்சம். அணங்கையும் விலங்கையும் கள்வரையும் கூறிய ஆசிரியர், அவ்வரிசையிலேயே இதனையும் வைத்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு இறை யார்? பெற்றோரும் ஆசிரியருமே. அவர்களை அஞ்சும் பிள்ளை என்ன செய்யும்? திருத்திய வினாத்தாளைப் பையின் அடியிலே ஒளிக்கும். எழுபதை எண்பது என்று சொல்லும். வயிற்றுவலி என்று பாடசாலை செல்ல மறுக்கும். இதனை நாம் ஒழுக்கக்கேடு எனத் தண்டிக்க முற்படுகின்றோம். உண்மையில் அது அச்சத்தின் மெய்ப்பாடு.

இதனை விளக்கும் ஓர் ஆய்வு அமெரிக்காவிலே நிகழ்ந்தது. ஆராயப்பட்டோரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே. கிளோடியா மியூலர், கரோல் டுவெக் என்னும் இருவர் 1998 இல் அதனை வெளியிட்டனர். பிள்ளைகள் சில புதிர்களை விடுவித்தபின், ஒரு பகுதியினரை, நீ மிக்க அறிவாளி எனப் பாராட்டினர்; மற்றொரு பகுதியினரை, நீ நன்கு முயன்றிருக்கின்றாய் எனப் பாராட்டினர். பின்னர் எல்லாரும் தவறத்தக்க கடினமான புதிர்களைக் கொடுத்தனர். அதற்குப்பின் மீண்டும் எளிய புதிர்கள் வந்தபோது, அறிவாளி எனப் போற்றப்பட்ட பிள்ளைகள் முன்னினும் தாழ்ந்தனர். முயற்சிக்காகப் போற்றப்பட்டோர் முன்னினும் உயர்ந்தனர். தம் புள்ளியை வேறொரு பிள்ளைக்கு எழுதியறிவிக்குமாறு கேட்டபோது, அறிவாளி எனப் போற்றப்பட்டோருள் பலர் உள்ளதைக் கூட்டி எழுதினர். வசைமொழி மட்டுமன்று, தகாத புகழ்மொழியும் பிள்ளையின் வாய்மையைக் கெடுக்கும் என்பது இதனால் விளங்கும். ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றலாகாது.

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய அந்த ஒரு பிள்ளையையும் மறத்தலாகாது. பாடசாலை வாயிலிலே அதன் படம் பதாகையில் ஏறுகின்றது. கோயிலிலும் சங்கத்திலும் மாலை விழுகின்றது. பின்பு, தோட்டத்திலிருந்து நகரத்துப் பாடசாலைக்கு வந்து விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்குகின்றது. அங்கே வகுப்பிலுள்ள பிள்ளைகள் பலரும் தத்தம் ஊரிலே முதல்வராக இருந்தவர்கள். முதல் தவணையில் இருபதாம் இடம் பெற்றதும், பதாகையில் உள்ள படத்துக்கும் தனக்கும் உள்ள தொலைவை எண்ணி அப்பிள்ளை இரவிலே தலையணையில் முகம் புதைத்து அழுவதை யார் அறிவார்? தொலைபேசியிலே அழைக்கும் வீட்டார், “எத்தனையாம் பிள்ளை?” என்று கேட்பதற்கு முன், “சாப்பிட்டாயா? கூட்டாளிமார் கிடைச்சாங்களா?” என்று கேட்டால், அக்கண்ணீரிற் பாதி வற்றும்.

நம் பெற்றோர் பிள்ளைகளை உந்துதற்கு வள்ளுவரைத் துணைக்கழைப்பது வழக்கம். தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்ட தாய் பெற்ற பொழுதினும் பெரிதுவப்பாள் என்ற கருத்தைப் பதாகைகளிலும் பரிசளிப்பு விழாக்களிலும் அடிக்கடி கேட்கின்றோம். சான்றோன் என்றால் யார்? வள்ளுவரே சான்றாண்மை அதிகாரத்தில் அதனைத் தாங்கும் தூண்கள் ஐந்தெனக் கூறினார்: அன்பு, நாணம், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்பன அவை. புள்ளி அவற்றுள் ஒன்றன்று. புள்ளிக்கு அஞ்சிப் பொய்யுரைக்கக் கற்ற பிள்ளை, அவ்வைந்தனுள் ஒரு தூணை இழந்துவிட்டது. அன்றியும், மக்கட்பேற்றைப் பாடிய அதிகாரத்தின் வரிசையையும் நோக்குதல் வேண்டும். மகனை அவையிலே முந்தியிருக்கச் செய்தல் தந்தையின் கடன் எனக் கூறுமுன், மூன்று குறட்பாக்களிலே பிள்ளை கைவிட்டளைந்த கூழின் சுவையையும், அதன் மெய் தீண்டும் இன்பத்தையும், மழலையின் இனிமையையும் வள்ளுவர் பாடிவிட்டார். பிள்ளை யாதொன்றும் சாதிக்குமுன்பே அது பெற்றோருக்கு இன்பம். அவையும் புகழும் பின்னரே வருவன. அவ்வரிசையைத் தலைகீழாக்கி, சாதித்தால்தான் இன்பம் என்பது வள்ளுவம் ஆகாது.

புறநானூற்றிலே பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டொன்று உண்டு. செல்வமும் சுற்றமும் நிறைந்த வேந்தன் அவன். அவன் கண்ட பேரின்பம், குறுகுறு நடந்து வந்து, நெய்ச்சோற்றைத் தொட்டும் துழாவியும் மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையே. அத்தகைய மக்கள் இல்லாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்றான். அரசு நடத்திய ஒருவன் இவ்வாறு பாடினான் எனின், வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் தந்தையொருவர் கால்மணி நேரம் பிள்ளையோடு பிள்ளையாக இருப்பதால் குறைந்துவிடுவது யாது?

விளையாட்டைப் பற்றியும் ஒரு சொல். உவகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டைத் தொல்காப்பியர் வைத்தார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களிலே சப்பாணி கொட்டலும், நிலவை அழைத்தலும், சிற்றிலும், சிறுபறையும், சிறுதேரும், ஊசலும் உண்டு. கவிஞர் எவரும் பரீட்சைப் பருவம் ஒன்றை வகுத்தாரில்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை எனக் கூறுகின்றது. இலங்கை அதனை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நம் முன்னோர் இலக்கியத்திலும் இவ்வுலகு சட்டத்திலும் ஒப்புக்கொண்ட ஒன்றை, ஐந்தாந் தரத்துப் பிள்ளையிடமிருந்து மட்டும் ஈராண்டுக்குப் பறித்துவைத்தல் முறையன்று.

இப்பரீட்சை கணவன் மனைவியர் உறவையும் கலக்குகின்றது. பிள்ளை தாண்டினால், “என் மகன்” என்பார் தந்தை. தாண்டாவிடில், “நீ வளர்த்த பிள்ளை” என்பார். பழி முழுதும் தாயின்மேல் விழுகின்றது. பொன்முடியார் என்னும் புலவர் புறநானூற்றிலே, ஒரு மகனை ஆளாக்குங் கடமையைத் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்குமாகப் பகுத்தளித்தார். அவரே ஒரு பெண்பாற் புலவர். தாய்க்கு இட்ட கடமை பெற்று வளர்த்துத் தருதல். போர்க்காலத்துப் பாட்டாயினும் அதன் நீதி இன்றும் பொருந்தும்: பிள்ளை வளர்ப்பு பலர் தோளிலே பங்கிடவேண்டிய சுமை. இலண்டனிலே குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கிய டொனால்ட் வினிகொட், 1953 இல் வெளியான கட்டுரையொன்றில், போதுமான அளவு நல்ல தாய் என்னும் கருத்தை முன்வைத்தார். குறையே இல்லாத தாய் பிள்ளைக்குத் தேவையில்லை. அன்போடு அருகிருந்து, சிறு சிறு ஏமாற்றங்களைத் தாங்கப் பழக்கும் தாயே போதும் என்பது அதன் கருத்து. விடியற்காலையில் மலையேறி, மாலையிலே கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பி, அடுப்பும் மூட்டும் தாய்க்கு இதனினும் ஆறுதலான சொல் வேறில்லை.

கடல்கடந்து மேற்காசிய நாடுகளிலே வீட்டுப் பணி செய்யும் தாய்மாரும் நம் பகுதியிற் பலர். அவர்தம் பிள்ளைகள் பாட்டியின் அரவணைப்பில் வளர்கின்றனர். பெற்றோரின் அண்மை குழந்தையின் உளநலத்துக்கு இன்றியமையாதது என ஜோன் போல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951 இல் எழுதிய அறிக்கை வலியுறுத்தியது. ஆனால், அண்மை என்பது கூப்பிடு தூரம் மட்டுமன்று. மாறாத ஒருவர் நாள்தோறும் பிள்ளையின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பாராயின், அவர் பாட்டியாயினும் பெரியம்மையாயினும், பிள்ளை ஊன்றி நிற்க ஒரு நிலம் கிடைக்கின்றது. தொலைவிலுள்ள தாயும், அழைக்கும் அந்தச் சில நிமிடங்களைப் புள்ளிக் கணக்கிற் செலவிடாது, பிள்ளை அன்று கண்டதையும் சிரித்ததையும் கேட்டறிந்தால், கடலின் அகலம் சற்றே குறையும்.

இவ்வாறெல்லாம் மென்மை காட்டினால் பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிடாரோ என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. உழைப்பைக் கேட்பதும் இகழ்வதும் ஒன்றல்ல என்பதே நம் விடை. நாள்தோறும் ஒரு மணி நேரம் படி என்று உறுதியாகக் கூறுக. தவறிய கணக்கை மீண்டும் செய்விக்க. குறித்த நேரத்தில் உறங்கச் செய்க. இவற்றிலே தளர்ச்சி வேண்டாம். ஆனால், தோட்டத்து மக்கள் நன்கறிந்த ஒன்றை இங்கே நினைவூட்டுவோம். தவரணையிலுள்ள தேயிலைக் கன்றுக்கு நிழல் கட்டுவர். அதிலே கொழுந்து கிள்ளுவாரில்லை. முதிர்ந்த செடிக்கே கவ்வாத்து வெட்டுவர். வெட்டியபின் அது மீண்டும் தழைக்கும்வரை காத்திருப்பர். செடியிடத்துக் காட்டும் இப்பொறுமையைப் பிள்ளையிடத்துக் காட்டினால், விளைச்சல் குறைவதில்லை.

இனி, செய்யத்தக்கன சில. இக்காலத்திலே பெறுபேறு கைத்தொலைபேசியின் திரையில் வருகின்றது. அதனைக் காணுமுன்பே, “எத்தனை வந்தாலும் இன்றைக்கு நாம் சேர்ந்து சாப்பிடுவோம்” என்று பிள்ளையிடம் சொல்லிவிடுதல் நன்று. அன்று வரும் உறவினர் அழைப்புகளுக்குப் பெற்றோரே விடை கூறுக. பிள்ளையின் கையிலே தொலைபேசியைக் கொடுத்து அதன் வாயால் புள்ளியைச் சொல்லுவிக்கவேண்டாம். அழுதால் அழவிடுக; அழாதே என அதட்டுவதினும் அருகிருத்தல் மேல். சில நாள் கழித்து, எந்தப் பகுதி கடினமாயிருந்தது எனக் கேட்டறிக. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைக்கும் ஆறாந் தரம் உண்டு. சாதாரண தரமும் உயர் தரமும் உண்டு. பத்து வயதிலே மூடும் கதவு அன்று இது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலையில் உடற்றண்டனை கூடாது எனக் கல்வியமைச்சு 2005 இல் சுற்றறிக்கை விடுத்தது. பிரம்பு இறங்கியது, நா இன்னும் முழுதும் இறங்கவில்லை. வகுப்பு நடுவே புள்ளிகளை உரக்கப் படித்து வரிசைப்படுத்துதலும், பெற்றோர் கூட்டத்திலே ஒரு தாயை எழுப்பி நிறுத்திக் குறை கூறுதலும் பிரம்பினும் ஆழப் பதியும். அன்று மாலை அத்தாய் வீட்டிலே சொரியும் சினம் நம் கூட்டத்திலே பற்றவைத்த நெருப்பே. பதாகை கட்டுவோரும் சற்றுச் சிந்திக்க. நம் இலக்கிய மன்றங்கள், வென்றோரை மட்டும் மேடையேற்றாது, எழுதிய பிள்ளைகள் அனைவரையும் அழைத்து ஒரு மாலை கதையும் பாட்டும் விளையாட்டுமாக நடத்தினால் என்ன? மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அதற்குப் போதிய பொருளாகும்.

சில பிள்ளைகளின் துயரம் அன்பான சொல்லால் மட்டும் ஆறுவதில்லை. வாரக்கணக்காக உணவும் உறக்கமும் குன்றினாலும், விளையாட்டிலே நாட்டம் அற்றாலும், தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்றோ, தான் இல்லாதிருந்தால் நல்லது என்றோ பிள்ளை கூறினாலும், கண்ணூறு என்று கழித்துவிடலாகாது. நாடகம் என்று நகைக்கவுங் கூடாது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதுபோலவே இதற்கும் நாடுதல் வேண்டும். கண்டியிலும் பேராதனையிலும் உள்ள அரசாங்க வைத்தியசாலைகளிலே உளநல மருத்துவர் உளர். பேராதனையிலே சிறுவர்க்கெனத் தனி வைத்தியசாலையும் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். உதவி நாடுதல் குடும்பத்துக்கு இழுக்கன்று, நாடாதிருத்தலே தீங்கு.

தொல்காப்பியர் கூறிய எட்டு மெய்ப்பாடும் வெளிப்படுதற்கு ஏற்ற முதல் அரங்கு வீடே. அங்கே ஒரு பிள்ளை அஞ்சாமல் அழவும், நாணாமல் தோற்கவும், தடையின்றிச் சிரிக்கவும் முடியுமாயின், வெளியுலகம் தரும் எந்த இழப்பையும் அது தாங்கிக்கொள்ளும். புள்ளி என்பது ஒரு நாள் காலையிலே இரண்டு வினாத்தாளில் எழுதியதன் அளவு. அதனால் வரும் பெருமிதத்தைப் பிள்ளைக்கே விட்டுவிடுவோம். அதனால் வரும் இழப்பைப் பிள்ளையோடு பகிர்ந்துகொள்வோம். இகழ்ச்சி மட்டும் நம் வீட்டு வாயிற்படியைத் தாண்டி உள்ளே வாராதபடி காவல் நிற்போம். ஆறு பிள்ளைகளுக்கும் பெற்றோர் செய்யத்தக்க உதவி அதுவே.